ரோயல் ஹை ஸ்கூல்: பாராளுமன்றமாகாத பாடசாலை

ஸ்கொட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் உள்ள ரோயல் ஹை ஸ்கூல், தனது தொடக்கத்தை 1128ஆம் ஆண்டுக்குக் கொண்டு செல்கிறது. அந்த ஆண்டில் மன்னர் முதலாம் டேவிட் நிறுவிய ஹோலிரூட் மடாலயத்தோடு பாடசாலையின் மரபு இணைக்கப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் நிர்வாகம் நகரசபையின் கைக்கு வந்தது.

1595இல் விடுமுறை மறுக்கப்பட்டதால் மாணவர்கள் பாடசாலைக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டனர். கதவை உடைக்க வந்த நகரசபை அதிகாரி ஜோன் மக்மோரன், மாணவன் ஒருவனின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். செல்வாக்கான குடும்பத்தைச் சேர்ந்த அந்த மாணவன் தண்டனையின்றித் தப்பினான்.

நாவலாசிரியர் வோல்டர் ஸ்கொட், தொலைபேசியுடன் பெயர் இணைந்த அலெக்ஸாண்டர் கிரஹம் பெல் ஆகியோர் இங்கு பயின்றவர்கள்.

பாடசாலையின் பெயரை அரசியலோடு பிணைத்தது அதன் கட்டடம். கட்டடக் கலைஞர் தோமஸ் ஹமில்டன், கோல்டன் குன்றின் சரிவில் கிரேக்கக் கோயிலின் சாயலில் அமைத்த அக்கட்டடம் 1829இல் திறக்கப்பட்டது. 1968இல் பாடசாலை நகரின் மேற்கேயுள்ள பார்ன்டனுக்கு இடம்பெயர்ந்தது. அதுவரை ஆண்கள் பாடசாலையாக இருந்த அங்கு 1973 முதல் மாணவிகளும் சேர்க்கப்பட்டனர்.

வெறுமையான பழைய கட்டடம், ஸ்கொட்லாந்துக்கு அமையவிருந்த சட்டசபைக்காகத் தயார் செய்யப்பட்டது. மண்டபத்தில் உறுப்பினர் ஆசனங்களும் பொருத்தப்பட்டன. ஆனால் 1979 மார்ச் 1ஆம் திகதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் 51.6 வீதமானோர் ஆதரித்தும் சட்டசபை அமையவில்லை. வாக்களித்தோரில் பெரும்பான்மை மட்டும் போதாது, பதிவு செய்யப்பட்ட வாக்காளர்களில் 40 வீதத்தினர் ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. கிடைத்ததோ 32.9 வீதம்.

1992 ஏப்ரலில், பொதுத்தேர்தலில் கொன்சர்வேட்டிவ் கட்சி மீண்டும் வென்றதும், அதிகாரப் பகிர்வு கோருவோர் இக்கட்டடத்தின் வாயிலுக்கு எதிரே தொடர் கவனயீர்ப்பில் அமர்ந்தனர். அது 1,980 நாட்கள் நீடித்தது. 1997 செப்டெம்பர் 11இல் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பில் 74.3 வீதமானோர் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தை ஆதரித்தனர். 1999இல் அது கூடியது. எனினும் அதற்கான புதிய கட்டடம் ஹோலிரூட்டில் எழுந்தது. இருபது ஆண்டுகள் காத்திருந்த மண்டபத்தில் பாராளுமன்றம் அமரவேயில்லை.

பின்னர் அங்கு ஆடம்பர ஹோட்டல் அமைக்கும் திட்டம் வந்தது. குன்றின் தோற்றம் கெடும் என எதிர்ப்பு எழ, மாநகரசபை அதை 2015இலும் 2017இலும் நிராகரித்தது. 2020இல் மேன்முறையீடுகளும் தோற்றன. 2021இல் தேசிய இசை நிலையத் திட்டத்துக்கு மாநகரசபை இணங்கியது. பாடசாலையோ பார்ன்டனில் இன்றும் அரச பாடசாலையாக இயங்குகிறது.