டேக்கா, ஸ்கிரிப்டா? – நாலு தரம் மாவட்டம் மாறின கதை

எங்க ஊர் அரியலூர். 1995ல திருச்சி மாவட்டத்தைப் பிரிச்சு பெரம்பலூர் மாவட்டம் உண்டாக்கினப்போ நாங்க அதுக்குள்ள போனோம். 2001ல அரியலூர் தனி மாவட்டம். 2002ல திரும்ப பெரம்பலூரோட சேத்தாங்க. 2007 நவம்பர்ல மறுபடியும் தனி. வீடு இருந்த இடத்துலயே இருந்தது, விலாசம் மட்டும் நாலு தரம் மாறிச்சு :-)

இதே 1995லதான் அமெரிக்காவுல ஜெரமி அலெய்ர், ஜே.ஜே. அலெய்ர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு கோல்ட்ஃப்யூஷனைக் கொண்டு வந்தாங்க. அப்போ டேட்டாபேஸ்ல இருந்து ஒரு பட்டியலை எடுத்து வெப் பக்கத்துல காட்டணும்னா புரோகிராமர் வேணும். இவங்க, எச்.டி.எம்.எல். தெரிஞ்சவனே அதைச் செய்யட்டும்னு எல்லாத்தையும் டேக்கா குடுத்துட்டாங்க. தகவல் எடுக்க ஒரு டேக், காட்ட ஒரு டேக், 'இப்படி இருந்தா அப்படிச் செய்'ங்கறதுக்கும் ஒரு டேக்.

கணக்கு போட உக்காந்தாதான் தலைவலி. 'இது அதைவிடப் பெருசா'ன்னு கேக்க பெரிய-சின்னக் குறியைப் போட முடியாது. டேக் அங்கேயே முடிஞ்சதா நினைச்சுக்கும். அதனால எழுத்தாலதான் எழுதணும். புரோகிராமர்கள் முணுமுணுக்க, 1998ல நாலாவது பதிப்புல சிஎஃப்ஸ்கிரிப்ட் வந்தது. அதுவும் அரைகுறைதான். 2001ல ஸ்கிரிப்ட்ல ஃபங்ஷன் எழுத விட்டாங்க, ஆனா அதுக்குள்ள இருந்து டேட்டாபேஸ் டேக்கைக் கூப்பிட முடியாது. 2009ல ஒன்பதாவது பதிப்பு வந்த பிறகுதான் ஒரு காம்பொனன்ட்டை முழுசா ஸ்கிரிப்ட்லயே எழுத முடிஞ்சது.

வேடிக்கை என்னன்னா, ஜேஎஸ்பி நேரெதிராப் போச்சு. 1999ல அது வந்தப்போ பக்கத்துக்கு நடுவுல ஜாவாவையே எழுதினாங்க. பக்கம் பூரா குப்பையாயிடுச்சுன்னு 2002ல ஜேஎஸ்டிஎல்னு டேக் தொகுப்பு கொண்டு வந்தாங்க. ஒருத்தர் டேக்ல இருந்து ஸ்கிரிப்ட்டுக்கு, இன்னொருத்தர் ஸ்கிரிப்ட்ல இருந்து டேக்குக்கு. திருச்சி பஸ்ஸும் ஜெயங்கொண்டம் பஸ்ஸும் எதிரும் புதிருமா அரியலூர் ஸ்டாண்டுக்குள்ள நுழையற மாதிரி!

சரி, என் கதைக்கு வரேன். சென்னையில கோல்ட்ஃப்யூஷன்ல ஆணி புடுங்கிட்டிருந்தேன். 2003ல ஊர்ல பிரவுசிங் சென்டர் வச்சிருந்த நண்பனுக்கு விண்ணப்பம் அச்சடிக்க ஒரு சின்ன அப்ளிகேஷன் எழுதிக் குடுத்தேன். எல்லாம் டேக்தான். மாவட்டம்கிற இடத்துல 'பெரம்பலூர்'னு நேரா அடிச்சு வச்சேன். ரெண்டு வருஷத்துல ரெண்டு தரம் மாறினதைக் கண்ணால பார்த்தவன் செஞ்ச வேலை இது!

2007ல மாவட்டம் பிரிஞ்சதும், அரியலூர், உடையார்பாளையம், செந்துறை தாலுகான்னா அரியலூர் மாவட்டம், இல்லன்னா பெரம்பலூர்னு ஒரு டேக் கட்டு எழுதி ஒவ்வொரு பக்கத்துலயும் ஒட்டினேன். ஸ்காலர்ஷிப் பக்கம் விட்டுப்போச்சு. மீன்சுருட்டிப் பையன் ஒருத்தன் விண்ணப்பம் பெரம்பலூர் மாவட்டம்னு போயி, திரும்பி வந்தது. கடைசி தேதிக்கு ஒரு நாள்தான் பாக்கி. நண்பன் போன்ல, "என்ன மாப்ள, கவர்மென்ட் பிரிச்சதை நீ மறுபடி சேத்துட்டியா?"ன்னான். அன்னிக்கு ராத்திரியே திருத்தி, காலையில பையன் புது ஃபாரத்தோட ஓடினான். நல்லவேளை, வாங்கிக்கிட்டாங்க.

அந்த வாரமே தாலுகா கணக்கை எடுத்து ஒரே ஃபங்ஷனா ஸ்கிரிப்ட்ல எழுதினேன். நியாயமாச் சொன்னா அதை டேக்லயும் எழுதியிருக்கலாம், 2002லயே அதுக்கு வழி வந்தாச்சு. தப்பு டேக் மேல இல்ல. பக்கத்துக்குள்ளயே முடிவெடுக்கற வசதி இருந்தா, கை தானா காப்பி-பேஸ்ட்டுக்குப் போயிடுது, அதுதான் தப்பு.

அதே சமயம் அச்சுப் பக்கங்களை டேக்லயே விட்டுட்டேன். நண்பனுக்கு எச்.டி.எம்.எல். கொஞ்சம் வரும். கட்டத்தை நகர்த்த, எழுத்தைப் பெருசாக்க அவனே பார்த்துக்குவான். அங்க ஸ்கிரிப்ட் இருந்தா தொடவே பயப்படுவான்.

டேக்கா ஸ்கிரிப்டான்னு இப்ப யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான்: அந்த ஃபைலை அடுத்து திறக்கப் போறது யாரு?