திருகோணமலை முற்றத்தில் மெக்சிகோ விதை

காஸ்மோஸ் அந்நியப் பூ, திருகோணமலை முற்றத்துக்கு ஒவ்வாது என்ற வாதம் நிற்காது. மெக்சிகோவிலிருந்து மாட்ரிட் தாவரவியல் தோட்டத்துக்குப் போன செடிக்கு 1791இல் ஸ்பானியத் தாவரவியலாளர் கவானில்யெஸ் அந்தப் பெயரைச் சூட்டினார். நாம் மாலையில் தொடுக்கும் துலுக்கச் சாமந்தியின் பிறப்பிடமும் மெக்சிகோதான். நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. கடல் கடந்ததையெல்லாம் விலக்கினால் இந்தத் துறைமுக ஊரின் முற்றங்கள் வெறிச்சோடிவிடும்.

உயர்ந்து வளர்ந்து காற்றில் சாயுமே என்பார்கள். அது ஐரோப்பாவின் கவலை. பகல் குறுகும்போது பூக்கும் இச்செடி அங்கே நீண்ட கோடைப் பகலில் மொட்டு விடாமல் ஆளுயரம் போகும். ஆகவே சீக்கிரம் பூக்கும் குள்ள ரகங்களைத் தேடினார்கள். திருகோணமலையிலோ ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். செடி நெடுக வளருமுன்பே மொட்டு வந்துவிடும். மாரி ஓய்ந்ததும், ஊசிபோல் ஒல்லியாகச் சற்றே வளைந்த கருவிதையை மணற்பாங்கான மண்ணில் தூவி மெல்ல மூடினால் போதும். உரம் அதிகமானால் இலைதான் மிஞ்சும்.