பொதுக் காப்பும் ஏல விலையும்: ‘ஆர்ட்டெமிஸும் கலைமானும்’ வெண்கலச் சிற்பத்தை முன்வைத்து

2007 ஜூன் 7 அன்று நியூயார்க்கில் சோத்பிஸ் நிறுவனம் ஏலத்துக்கு விட்ட ‘ஆர்ட்டெமிஸும் கலைமானும்’ என்னும் வெண்கலச் சிற்பம், 50 முதல் 70 இலட்சம் டாலர் வரை போகும் என மதிப்பிடப்பட்டிருந்த நிலையில், 2 கோடியே 86 இலட்சம் டாலருக்கு விலைபோனது. அதுவரை ஏலத்தில் வேறெந்தச் சிற்பமும் எட்டாத அவ்விலையைச் சிற்பத்தின் அழகும் அருமையும் மட்டும் ஈட்டித் தரவில்லை என்பதும், பொது நிறுவனம் ஒன்று ஐம்பதாண்டுகளுக்கு மேல் அளித்த காப்புக்கும் அதில் கணிசமான பங்குண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

கிரேக்கத் தொன்மத்தில் வேட்டைக்கும் காட்டுயிர்களுக்கும் உரிய தெய்வமான ஆர்ட்டெமிஸ், அருகில் கலைமான் நிற்க, அம்பு எய்த மறுகணத்தில் இருப்பவளாக இதில் வடிக்கப்பட்டிருக்கிறாள். வில் தொலைந்துபோயினும் கைகளின் நிலையிலேயே அது இருப்பது போன்ற உணர்வு எழுவது சிற்பியின் தேர்ச்சிக்குச் சான்று. கி.மு. முதல் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் இப்படைப்பு தப்பிப் பிழைத்ததே அரிது. பண்டைய வெண்கலங்களுள் பெரும்பாலானவை பிற்காலத்தில் உலோகத்துக்காக உருக்கப்பட்டன, கிரேக்கச் சிற்பிகள் பலரின் புகழ்பெற்ற வெண்கலங்களை இன்று பளிங்குப் படிகளின் வழியே அறிய நேர்வதும் அதனால்தான். 1920களில் ரோமில், புனித ஜான் லாத்தரன் பேராலயத்தை அடுத்த பகுதியில், கட்டுமானப் பணியின்போது இது வெளிப்பட்டதாகக் கூறப்படுகிறது. முறையான அகழாய்வில் கிடைக்கும் பொருளுக்கு மண்ணடுக்கும் உடன்கிடந்தவையும் தரும் சான்று இதற்கு வாய்க்கவில்லை.

அந்தக் குறையை ஈடுசெய்தது உடைமை வரலாறு, அதாவது ஒரு கலைப்பொருள் யார் யார் கைமாறி வந்தது என்பதைக் காட்டும் ஆவணத் தொடர். பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் உருவான பின், அவ்வாண்டுக்கு முன்பே வெளியில் வந்துவிட்டதற்கு ஆவணம் உள்ள பொருளையே எச்சரிக்கையான வாங்குவோர் நாடலாயினர். பஃபலோ நகரின் ஆல்பிரைட்-நாக்ஸ் கலைக்கூடம் இச்சிற்பத்தை 1953இலேயே வாங்கியிருந்தது. கலைக்கூடத்தின் பதிவேடும், பேணலும், பொதுமக்கள் பார்வைக்கு வைத்த காட்சியும் சேர்ந்தே, ஐயமின்றி வாங்கத்தக்க பொருளாக இதை ஆக்கின.

அருங்காட்சியகம் தன் பொருளைத் தானே விற்பது சேகரிப்பிலிருந்து விலக்குதல் எனப்படும்; இச்சிற்பத்தை அவ்வாறு விற்பதற்குக் கலைக்கூடம் கூறிய காரணம், நவீனக் கலையும் சமகாலக் கலையுமே தன் பணி என்பது. விற்ற தொகை கலைப்படைப்புகள் வாங்கவே பயன்படும் என்ற உறுதி அமெரிக்க அருங்காட்சியக நெறிக்கு உடன்பட்டது; நகரத்தார் சிலர் தொடுத்த வழக்கும் நிற்கவில்லை. அதே விற்பனைத் தொடரில், 2007 மார்ச்சில், பிரம்மா வடிவில் அமைந்த சிவனின் சோழர்காலக் கருங்கற்சிலை 40 இலட்சம் டாலருக்கு மேல் போனது. சட்டத்தையும் நெறியையும் மீறாத இவ்விற்பனைகளில் குறை காண வேண்டிய இடம், விற்ற முடிவைவிட விற்ற முறையே. ஏலமேடையில் பொது அருங்காட்சியகமும் பெருஞ்செல்வரும் ஒரே நிலையில் வைக்கப்படுகின்றனர். விலை மதிப்பீட்டைப் பன்மடங்கு கடக்கும்போது ஆண்டு நிதி வரையறுக்கப்பட்ட அருங்காட்சியகமே முதலில் விலக நேர்கிறது. ஆர்ட்டெமிஸை இலண்டன் வணிகர் ஒருவர் தனியார் சேகரிப்பாளருக்காக வாங்கினார். பின்னர் அது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இரவலாகக் காட்சிக்கு வந்ததும் உரிமையாளரின் விருப்பத்தால் அமைந்ததேயன்றி, காண்போர்க்கு அதன்மேல் இருந்த உரிமையால் அன்று. மதிப்பிட்ட விலைக்குப் பிற பொது அருங்காட்சியகங்களுக்கு முதலில் தந்து பார்த்து, அவை மறுத்த பின்னரே ஏலத்துக்கு அனுப்புவது என்ற வரிசையைக் கலைக்கூடம் கைக்கொண்டிருப்பின், நிதியும் கிடைத்திருக்கும், ஐம்பதாண்டுப் பொதுக் காப்பின் பயன் பொதுமக்களிடமே நிலைத்திருக்கவும் வழி இருந்திருக்கும்.