மீன் செத்தால் நஞ்சுதானா? தண்ணீரில் உள்ள ஒட்சிசன் பற்றிய ஐந்து தவறான நம்பிக்கைகள்

உன்னிச்சைக் குளம் படுவான்கரை வயல்களுக்குப் பாய்கிறது. மட்டக்களப்பு நகரின் குடிநீர்க் குழாய்களுக்கும் அதுவே மூலம். இந்தக் குளத்திலோ வாவியிலோ மீன்கள் செத்து மிதந்தால், ஊரில் எழும் முதற் கேள்வி "ஆர் நஞ்சு போட்டது?" என்பதுதான். 2007 இல் மொத்தமாக இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பாழ்பட்ட கிணறுகளை இறைத்துக் குடியேறிய மக்களுக்கு இந்தச் சந்தேகம் வருவதில் வியப்பில்லை.

ஆனால், நஞ்சே இல்லாத இடத்தில் அயலூரவர் மீது பழி விழுந்தால் அது பகையாக முடியும். நஞ்சு இருந்த இடத்தில் "ஒட்சிசன் குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டால் நியாயம் கிடைக்காது. இரண்டையும் தடுக்கச் சான்று வேண்டும். தண்ணீருக்குள் ஒட்சிசன் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தான் அந்தச் சான்றைச் சரியான நேரத்தில் எடுக்கலாம். செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் நான் அடிக்கடி கேட்கும் ஐந்து கருத்துகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1. "தண்ணீரிலேயே ஒட்சிசன் இருக்கிறது, பிறகு எப்படிக் குறையும்?"

தண்ணீரின் நிறையில் ஏறத்தாழ 89 வீதம் ஒட்சிசன்தான். ஆனால் அது ஐதரசனோடு பிணைந்த ஒட்சிசன். மீனின் பூவால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. மீன் சுவாசிப்பது காற்றிலிருந்து தனியாக வந்து கரைந்த ஒட்சிசனை. 30 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர், காற்றிலிருந்து சுமார் 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் கரைத்து வைத்திருக்கும். அதே அளவு காற்றில் சுமார் 270 மில்லிகிராம் உண்டு. மீனின் வாழ்க்கை எப்போதும் சிக்கனமான கணக்கில்தான் ஓடுகிறது.

2. "சூட்டில் சீனி கூடக் கரைவதுபோல ஒட்சிசனும் கூடக் கரையும்"

நேர்மாறு. 0 பாகையில் ஒரு லீற்றரில் 14.6 மில்லிகிராம், 20 பாகையில் 9.1, 30 பாகையில் 7.5. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்க முன்னரே பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் சிறு குமிழிகள், கரைந்திருந்த காற்று வெளியேறுவதன் அடையாளம். கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிகளோ நீராவி.

உப்புக் கூடினாலும் கரையும் அளவு குறையும். 30 பாகையில் கடல்நீர் சுமார் 6.2 மில்லிகிராம் மட்டுமே கொள்ளும். கோடையில் வாவி வற்றிச் சூடேறி உப்புக் கூடும்போது ஒட்சிசன் குறைகிறது. அதே சூட்டில் மீனுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

3. "பச்சைத் தண்ணீரிலும் ஆற்றுவாழைக்குக் கீழேயும் ஒட்சிசன் அதிகம்"

பகலில் மட்டும் பாதி உண்மை. வயல்களில் இட்ட பசளை வழிந்தோடிச் சேர்ந்தால் நீரில் பாசி பெருகும். வெயில் நேரத்தில் பாசி ஒட்சிசனை விடும். இரவு முழுவதும் அதே பாசியும் சுவாசித்து ஒட்சிசனை எடுக்கும். விடிவதற்குச் சற்று முன்னர்தான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். ஆகவே நண்பகலில் அளந்து "நீர் நல்லாயிருக்கு" என்று சொல்வது, காய்ச்சல் விட்ட பிறகு வெப்பமானி வைப்பது போன்றது.

ஆற்றுவாழை வேறு கதை. அதன் இலைகள் நீருக்கு மேலே நிற்பதால் ஒட்சிசன் காற்றுக்குத்தான் போகிறது. கீழே வெளிச்சமும் காற்றின் அலைப்பும் தடைப்பட, அழுகும் தாவரம் எஞ்சிய ஒட்சிசனையும் தின்றுவிடும். இச்செடியைக் கட்டுப்படுத்தவென்றே இலங்கையில் 1909 இல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

4. "வெள்ளம் வந்தால் நீர் புதிதாகிவிடும்"

மழைத்துளியும் வான்கதவில் விழுந்து சிதறும் நீரும் காற்றைச் சேர்த்துக்கொள்வது உண்மை. ஆனால் வெள்ளம் வைக்கோல், சாணம், சருகு எல்லாவற்றையும் அள்ளி வருகிறது. அவற்றை உக்கச் செய்யும் பற்றீரியாக்கள் ஒட்சிசனை வேகமாகச் செலவழிக்கும். அவுஸ்திரேலியாவின் மெனின்டீயில் 2023 மார்ச்சில் டார்லிங் ஆற்றில் மில்லியன் கணக்கில் மீன்கள் இறந்தன. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றில் ஒட்சிசன் வீழ்ந்ததே காரணமென அதிகாரிகள் தெரிவித்தனர்.

5. "கொதித்தாறிய நீர் செத்த நீர்"

வெள்ளக் காலத்தில் மிகவும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். கொதித்த நீர் சப்பென்றிருப்பதற்குக் காரணம் கரைந்த வாயுக்கள் போனதே. தேநீர் ஆற்றுவதுபோல, சுத்தமான இரு பாத்திரங்களில் மாற்றி மாற்றி ஊற்றினால் காற்று மீண்டும் கரையும். ஊற்றாவிட்டாலும் கேடில்லை. மனிதருக்கு ஒட்சிசன் நுரையீரல் வழியாகவே வருகிறது. சாதாரணமாக இழுக்கும் ஒரு மூச்சில் இருக்கும் ஒட்சிசன், ஒரு லீற்றர் நீரில் கரைந்திருப்பதைப்போல் பல மடங்கு. "ஒட்சிசன் கூட்டிய நீர்" என்று போத்தலில் விற்பதை வாங்குவதும் அதனால் வீண்செலவே.

மீன் மிதந்தால் என்ன செய்யலாம்?

ஒட்சிசன் குறைவில் பெரும்பாலும் விடியற்புறத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். பெரிய மீன்கள் முதலில் சாகும். காற்றை நேராகச் சுவாசிக்கும் விரால் தப்பும். நஞ்சு நேரம் பார்க்காது. பெரிது சிறிது என்றில்லாமல் மீன்களும், சில வேளை தவளை, நீர்ப்பூச்சிகளும் சேர்ந்து சாகும். இவை குறிப்புகள்தான், தீர்ப்பல்ல.

நேரத்தோடு படம் எடுங்கள். எந்த மீன், எவ்வளவு பெரிது, முதல் நாள் மழையா வெயிலா, அருகில் மருந்து அடித்தார்களா என்று குறித்து வையுங்கள். அப்போதுதான் செத்த மீன்களையும் ஒரு கண்ணாடிப் போத்தல் நீரையும் தனித்தனியே ஐஸில் வையுங்கள். நஞ்சைத் தேட அவை உதவும். செத்த மீனைச் சமைக்கவோ விற்கவோ வேண்டாம்.

கரைந்த ஒட்சிசனைப் போத்தலில் கொண்டுபோய்ப் பிறகு அளக்க முடியாது. மானியால் நீர்நிலையிலேயே அளக்க வேண்டும். அல்லது ஹங்கேரிய இரசாயனவியலாளர் விங்க்ளர் 1888 இல் வெளியிட்ட முறைப்படி, மாதிரி எடுத்த இடத்திலேயே இரசாயனம் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். எனவே நாராவுக்கோ மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கோ உடனே அறிவித்து, மறுநாள் விடியுமுன் அளக்கும்படி கேளுங்கள். அறிக்கை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்பதை.