டம் டம்மிலிருந்து பெல்வெதேருக்கு வராத தட்டுகள்

பழைய இசைத்தட்டு வைத்திருக்கும் தமிழ் வீடுகளில் கல்கத்தாவின் பெயர் ஒரு மூலையில் இருக்கும். குழாய்முன் அமர்ந்த நாயின் படத்தைக் கண்டவர் பலர். அதே தட்டிலும் உறையிலும் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்த ‘டம் டம்’ என்ற சொல்லை நின்று படித்தவர் சிலரே. சிறுவயதில் நான் அதை முரசொலியைக் குறிக்கும் சொல் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அது கல்கத்தாவின் வடபுறத்து ஊர் என்பதும், சென்னையில் பாடிப் பதிவான எத்தனையோ தமிழ்ப் பாடல்கள் அங்கிருந்த ஆலையில் தட்டாக அழுத்தப்பட்டு நம்மூர்க் கடைகளுக்கு வந்தன என்பதும் ஆய்வுக்கு வந்த பிறகே தெரிந்தது.

சென்ற குளிர்காலத்தில் ஆய்வுப் பணிக்காகக் கொல்கத்தாவில் இருந்தேன். ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய தட்டுக் கடைகளில் ஒன்றில், இந்திப் படப்பாடல்களின் அடுக்குக்கு நடுவே ஒரு தமிழ்த் தட்டு கிடைத்தது. நடுத்தாள் பாதிக்குமேல் உரிந்துவிட்டது. ‘தமிழ்’ என்ற சொல்லும் ஓர் இராகப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும் மட்டுமே எஞ்சியிருந்தன. குரல் பெண்குரல், முதிர்ந்த, அவசரமற்ற குரல். யார் பாடியது? இதை அறிய நூலகப் பட்டியல்களைப் புரட்டத் தொடங்கினேன். ஒரு கல்வி நிலையத்தின் பட்டியலில், ஏறத்தாழ ஒரு பெட்டித் தட்டுகளுக்கு இருந்த பதிவு முழுவதும் இவ்வளவுதான்: ‘இந்திய இசை; தட்டுகள்’. அந்த நிலையத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. குறை ஒரு பணியாளருடையதன்று. அதற்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு.

1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் தம் கருவியை நிறுவினார். நாடக மேடைப் பாடகியரான சசிமுகி, பனிபாலா ஆகியோரின் குரல்கள் முதலில் பதிவாயின. சில நாள்களில் கௌஹர் ஜான் வந்தார். அந்தப் பயணத்தில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகளை எடுத்த கைஸ்பெர்க், மெழுகுத் தட்டுகளை ஜெர்மனியின் ஹானோவர் நகருக்கு அனுப்பினார். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தம் பெயரை உரக்கச் சொல்வதைப் பதிவுகளில் இன்றும் கேட்கலாம். மொழி அறியாத ஹானோவர் ஊழியர் எந்தத் தட்டு யாருடையது என்று பிரித்தறிய அது உதவியது என்பர். இதைப் பலரும் ஒரு கலைஞரின் மிடுக்கான கையொப்பமாக எழுதியிருக்கிறார்கள். நானோ அதை இந்திய இசைப்பதிவின் முதல் பட்டியற் குறிப்பாகவே கேட்கிறேன். தன் தட்டுக்குத் தானே பட்டியலிட்ட பெண் அவர்!

நிறுவனமும் ஒரு பட்டியல் முறையைக் கையோடு கொண்டுவந்தது. எண் வரிசைதான் அது. ஐந்து இலக்க எண்ணில் முதல் இலக்கமான 1 கீழைநாடுகளைக் குறித்தது. 12000 வரிசை ஆண்குரலுக்கு, 13000 வரிசை பெண்குரலுக்கு. இராகமும் தாளமும் பாட்டின் வகையும் எண்ணில் இடம்பெறவில்லை. சரக்கை அனுப்பவும் கணக்கெழுதவும் அவ்வளவு போதும். ஆனால் பின்வந்த ஆய்வாளருக்கும் இந்த வணிக எண்ணே முதல் ஊன்றுகோலாயிற்று. நூலகம் தந்த எண் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1908இல் சியால்தாவில் தட்டு ஆலை தொடங்கியது. 1928இல் அது டம் டம்முக்குப் பெயர்ந்தது. தட்டுக்கு மூலப்பொருளான அரக்கு சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து கிடைத்தது. உலகத்துத் தட்டுகளுக்கெல்லாம் பெருமளவு அரக்கு தந்த நாடு இது. தன் குரல்களுக்கு ஒரு பேரேடு வைத்துக்கொள்ளவில்லை.

ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கான விடையின் பெரும்பகுதி சட்டத்தில் இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டம் ‘நூல்’ என்பதற்குத் தந்த விளக்கத்தில், தனியே அச்சிட்ட ஒவ்வோர் ‘இசைத்தாளையும்’ நிலப்படத்தோடு சேர்த்துக் குறிப்பிட்டது. விடுதலைக்குப் பின் 1954இல் வந்த நூல் வழங்கல் சட்டமும் அதே விளக்கத்தைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. அதன்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் கல்கத்தா பெல்வெதேர் வளாகத்திலுள்ள தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா முதலிய பிற நூலகங்களுக்கும் வந்துசேர வேண்டும். சுரம் எழுதி அச்சிட்ட தாள் வரவேண்டும். அதே பாட்டு பதிவான தட்டு வரவேண்டியதில்லை. ஏனெனில் அது அச்சிட்டதன்று, அழுத்தியது. 1867இல் ஒலிப்பதிவு என்பதே கிடையாது. எடிசனின் கருவிக்கு இன்னும் பத்தாண்டு இருந்தது. அப்போது விடுபட்டதில் வியப்பில்லை. 1954இல் அப்படிச் சொல்ல முடியாது. அவ்வாண்டில் டம் டம் ஆலை கால் நூற்றாண்டைக் கடந்திருந்தது. அதே நகரத்தின் தென்பகுதியில்தான் தேசிய நூலகமும் இருந்தது. வடக்கே அழுத்தப்பட்ட தட்டு தெற்கே வந்துசேர எந்தச் சட்டமும் இல்லை.

இசைத்தாளுக்காவது இடம் கிடைத்ததா என்றால், அதிலும் ஒரு விந்தை உண்டு. நூல் வழங்கல் சட்டத்தின் வழியாக வரும் நூல்களைக் கொண்டு மத்திய மேற்கோள் நூலகம் ‘இந்தியத் தேசிய நூல் விவரப் பட்டியலை’ 1957-58 முதல் வெளியிடுகிறது. பி. எஸ். கேசவன் முன்னின்று தொடங்கிய பெரும்பணி அது. பதினான்கு மொழி நூல்களை ஒரே ஒழுங்கில் கொணர்ந்த அந்த உழைப்பை வணங்காமல் யாரும் நூலக வரலாறு எழுத முடியாது. ஆனால் அதில் சேர்க்கப்படாதவை என்று விதிக்கப்பட்டவற்றில் நிலப்படங்கள், பாடநூல் உரைகள், துண்டு வெளியீடுகள் ஆகியவற்றோடு சுரக்குறிப்பு வெளியீடுகளும் அடங்கும். ஒரு சட்டம் வாசலைத் திறந்து வரவழைத்தது; உள்ளே இருந்த விதி இருக்கை இல்லையென்றது.

இதனால் வங்காளத்துக்கு நேர்ந்த இழப்பு சிறிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பதாண்டுகளில் இசையை எழுத்தில் வைப்பது எப்படி என்று கல்கத்தா அளவுக்குச் சண்டையிட்ட நகரம் இந்தியாவில் வேறில்லை. க்ஷேத்ரமோகன் கோஸ்வாமி சுரங்களின் தலைமேல் கோடுகளிட்டு மாத்திரை காட்டும் ‘தண்ட மாத்ரிக’ முறையை வகுத்தார்; அவருடைய மாணவரும் புரவலருமான சௌரீந்திர மோகன் தாகூர் 1871இல் வங்காள இசைப்பள்ளியைத் தொடங்கி அதைப் பரப்பினார். பள்ளி ஆய்வாளராகவும் தாவரவியலாளராகவும் இருந்த சி. பி. கிளார்க், ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையே மேலென்று 1874இல் ‘கல்கத்தா ரெவ்யூ’வில் எழுத, சௌரீந்திர மோகன் சினந்து மறுத்தார். கிருஷ்ணதன் பந்தோபாத்யாயரோ வங்காளியாக இருந்தும் ஐந்துகோட்டின் பக்கம் நின்றார். பின்னர் ஜோதிரிந்திரநாத் தாகூர் செம்மைப்படுத்திய ‘ஆகார மாத்ரிக’ முறையே நிலைத்தது. சுர எழுத்தோடு சேரும் ‘ஆ’காரக் குறியே ஒரு மாத்திரை, தனி அச்செழுத்து வார்க்கத் தேவையில்லை. சண்டையில் வென்றது எது என்பதைத் தத்துவத்தைவிட அச்சுக்கூடச் செலவே தீர்மானித்தது என்பது என் எண்ணம்.

இரவீந்திரரின் பாடல்களை அறுபதுக்கு மேற்பட்ட தொகுதிகளாகத் தரும் ‘ஸ்வரபிதான்’ அந்த முறையில் அமைந்ததே. இங்கே பட்டியலிடுவோர்க்கு ஒரு கேள்வி எழுகிறது. பாடலும் மெட்டும் இரவீந்திரருடையவை. சுரப்படுத்தியவர்களோ தினேந்திரநாத் தாகூர், இந்திரா தேவி சௌதுராணி முதலிய பலர். மெட்டமைத்து மறந்துவிடும் இயல்புடைய கவிஞரின் பாட்டை நினைவில் பிடித்துத் தாளில் இறக்கியவர் தினேந்திரநாத். ஆனால் நூலகத்தில் ‘தாகூர், இரவீந்திரநாத்’ என்ற தலைப்பின்கீழ் அத்தனையும் அடங்கிவிட, எழுதிய கை தெரிவதில்லை. நம் பக்கத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை முத்துசுவாமி தீட்சிதரின்கீழ் வைப்பதா, சுப்பராம தீட்சிதரின்கீழ் வைப்பதா? அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர், கீர்த்தனைகளை 1893இலேயே ஐந்துகோட்டு முறையில் அச்சிட்ட சின்னசாமி முதலியார். அவர் பெயரை எந்தப் புலத்தில் எழுதுவது?

ஒலித்தட்டுக்கு வருவோம். நம் பாடகியர் ஊர்ப்பெயரால் அறியப்பட்டவர்கள்: சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி முன்னே வைக்கும் விதி இவர்களைக் ‘கோதாவரி, சேலம்’ என்று திருப்பிப் போடும், இன்னொரு நூலகம் சேலத்தின்கீழ் வைக்கும், ஒருவரே இருவராவார். மூன்று நிமிடமே ஓடும் பக்கத்தில் அடங்காத கீர்த்தனை இரண்டு பக்கங்களாகப் பிளந்திருக்கும். பாட்டைக் கேளாமல் பட்டியலிடுபவர் அதை இரண்டு உருப்படியாக்குவார். இவை தீர்க்க முடியாதவை அல்ல. உலக நூலகங்கள் பின்பற்றும் மார்க் 21 வடிவத்தில் 028 என்னும் புலம் தட்டின் வெளியீட்டு எண்ணுக்கும் மேட்ரிக்ஸ் எண்ணுக்குமாகவே உள்ளது. 546இல் சுரக்குறிப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்று சொல்லவும் உட்புலம் உண்டு. இடமிருக்கிறது, நிரப்பத்தான் ஆளில்லை.

பிற நாடுகளும் காலந்தாழ்த்தியே விழித்தன. பிரான்ஸ் 1925இலேயே ஒலித்தட்டைச் சட்டத்துக்குள் கொணர்ந்து 1938இல் தேசிய ஒலிக்கூடம் அமைத்தது. அமெரிக்கக் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவை ஏற்றது 1972இல். பிரிட்டனில் தட்டைக் கட்டாயமாகத் தரவேண்டிய சட்டம் வரவே இல்லை. பேட்ரிக் சால் என்னும் தனிமனிதர் 1955இல் தொடங்கிய நிலையமே இன்றைய பிரிட்டிஷ் நூலக ஒலிக்காப்பகத்தின் வேர்.

இங்கும் தனிமனிதர்களே காத்தார்கள். ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் நிறுவனப் பேரேடுகளையும் எண்களையும் ஒப்பிட்டு 1899 முதல் 1908 வரையிலான இந்தியப் பதிவுகளுக்கு அட்டவணை செய்து 1994இல் வெளியிட்டார். 1990இல் மும்பையில் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தன் இதழில் சேகரிப்பாளர்களின் பட்டியல்களை அச்சிட்டது. கொல்கத்தாவில் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்கள் மற்றும் ஆவணங்கள் பள்ளி, சேகரிப்பாளர்களின் வீடுகளிலிருந்த இந்துஸ்தானி இசையை எண்ணிமப்படுத்திவருகிறது. தமிழுக்கு இன்னொரு நற்பேறும் வாய்த்தது. கிராமபோன் பாட்டுகளின் சாகித்தியங்களை மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களாக அச்சிட்டு விற்றார்கள் அல்லவா? அவை ‘நூல்’ ஆதலால் சட்டத்துக்குள் வந்தன. ரோஜா முத்தையா போன்றோர் சேகரிப்பிலும் தங்கின. தட்டு உடைந்துபோன பின்னும் பாட்டுப் புத்தகத்தில் பாடகரின் பெயர் இருக்கிறது. குரலைச் சட்டம் காக்கவில்லை, தாள் காத்தது.

இவையெல்லாம் ஆய்வாளரின் பொழுதுபோக்கு என்று நினைப்போருக்கு ஒரு செய்தி. இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அதன்பின் நூலகம் அப்பதிவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட ஒலிப்பதிவின் பதிப்புரிமை தடையாக இராது. ஆனால் 78 சுற்றுத் தட்டின் நடுத்தாளில் பெரும்பாலும் ஆண்டு இராது. நாள் தெரியாத தட்டை வெளியிட நிர்வாகங்கள் அஞ்சுகின்றன. அது பெட்டியிலேயே கிடக்கிறது. ஆண்டைச் சொல்லவல்லது, நடுத்தாளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்தான். ‘தட்டுகள்’ என்று ஒரே சொல்லில் எழுதியவர் அந்த எண்ணை எழுதியிருந்தால், பெட்டி முழுவதும் இன்று கேட்கக் கிடைத்திருக்கும்.

ஃப்ரீ ஸ்கூல் தெருவில் கிடைத்த என் தட்டிலும் அந்த எண் தெளிவாக உள்ளது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் தெரிந்தால், எந்த ஊரில் எந்த வாரத்தில் பதிவானது என்றேனும் நெருங்கலாம். ஆகவே இதைப் படிப்போரில் எவர் வீட்டிலாவது தமிழ்த் தட்டுகள் இருந்தால், நடுத்தாளையும் அதைச் சுற்றிய வளையத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்துப் பின்னூட்டத்தில் இடுங்கள். இரண்டு பக்கத்தையும் எடுங்கள், எண்கள் வேறாயிருக்கும். தூசியைத் துடைக்க ஸ்பிரிட் மட்டும் வேண்டாம், அரக்கு கரைந்துவிடும்.