மாம் மயங்கி விழுந்த கதை

1938. வெயிலில் பல மணி நேரம் காரில் வந்து திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இறங்கிய வெள்ளைக்காரர், பகவான் ரமணரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மயங்கி விழுந்துவிட்டார். கையோடு பழக்கூடை கொண்டுவந்திருந்தார். பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மாட்டுவண்டிச் சக்கரங்கள் பள்ளம் பறித்த சாலை, தூசி, நேரம் தப்பிய சாப்பாடு. காரில் எடுத்துவந்த மதிய உணவைச் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஆள் சாய்ந்தார். தூக்கிக்கொண்டுபோய் ஒரு குடிலில் படுக்க வைத்தார்கள்.

அவர் சாமர்செட் மாம். ஆங்கிலக் கனவான்களைத் தோலுரிப்பதையே தொழிலாக வைத்திருந்த எழுத்தாளர். 1930-இல் வந்த ‘கேக்ஸ் அண்ட் ஏல்’ நாவலில் இலக்கிய உலகின் பெரிய மனிதர்களை அவர் போட்ட போட்டில், அது நம்மைத்தான் என்று சக எழுத்தாளர் ஹ்யூ வால்போல் நொந்தே போனார். சாமியார்களைக் கிண்டலடிக்க இதைவிடத் தோதான பேனா கிடையாது.

ஆனால் கிண்டலுக்கு ஏதாவது பிடி கிடைக்க வேண்டுமே. விஷயம் கேள்விப்பட்ட ரமணர், கூடத்தைவிட்டு எழுந்து குடிலுக்கு அவராகவே வந்தார். நாலு வார்த்தை விசாரித்தார். பிறகு பேசாமல் உட்கார்ந்துவிட்டார். மௌனமும் ஒரு பேச்சுதான் என்ற அளவில் சொன்னதோடு சரி. எதையும் உபதேசிக்கவில்லை. குடிலில் நடந்தது இவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அந்த மயக்கத்துக்குக் கால் முளைத்தது. தமிழில் மயக்கம் என்றால் தலைசுற்றல் மட்டுமா? மையலும் மயக்கம், மாயையும் மயக்கம். ஒரு பெரிய ஆங்கில எழுத்தாளர் மகானின் சந்நிதியில் தன்னை மறந்து விழுந்தார், பரம்பொருளில் கலந்து கிடந்தார் என்று செய்தி பரவியது. மாம் இளமையில் மருத்துவம் படித்தவர். அதற்கு முன்னும் இப்படி மயங்கி விழுந்திருக்கிறார். வயிற்றுப் பகுதியின் நரம்புக் கோளாறு உதரவிதானத்தை இதயத்தின் மேல் அழுத்துவதால் வருவது என்று டாக்டர்கள் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் 1958-இல் வந்த ‘பாயிண்ட்ஸ் ஆஃப் வியூ’ தொகுப்பில், ரமணரைப் பற்றிய நீண்ட கட்டுரையில் எழுதியும் வைத்தார். யார் கேட்டார்கள்? அருள் பெற்றவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இந்தியர்கள் அவரையே தரிசிக்க வந்தார்கள். பாவம், ஊரையெல்லாம் நையாண்டி செய்தவருக்கு இப்படியொரு தண்டனை.

1944-இல் ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவல் வந்தது. தலைப்பு கடோபநிஷத்திலிருந்து எடுத்தது. நசிகேதன் எமனிடம் கேட்டுக்கொண்ட பாதை, கத்திமுனையில் நடப்பது போன்றது என்கிற இடம். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டிய லாரி என்ற அமெரிக்க இளைஞன், வேலை, கல்யாணம் இரண்டையும் உதறிவிட்டு அலைந்து இந்தியா வந்து சேர்கிறான். குரு கிடைக்கிறார். பெயர் ஸ்ரீ கணேசா. நம் பிள்ளையார்தான். ஊர் திருவண்ணாமலை இல்லை, திருவிதாங்கூர்ப் பக்கம். கதையில் மாம் செய்த முதல் இடமாற்றம் இது. லாரி யார் என்று கண்டுபிடிக்கப் பத்திரிகைகள் கிளம்பியதில், நானில்லை என்று கிறிஸ்டோபர் இஷர்வுட் ‘டைம்’ இதழுக்கே கடிதம் எழுத வேண்டிவந்தது.

லாரி இந்திய அனுபவத்தைச் சொல்லும் அத்தியாயத்தின் தொடக்கத்தில் மாம் ஓர் எச்சரிக்கை தருகிறார்: வேண்டுமானால் இதைத் தாண்டிவிடலாம், கதை ஓட்டத்துக்கு நஷ்டமில்லை, ஆனால் இந்த உரையாடல் இல்லையென்றால் புத்தகத்தையே எழுதியிருக்க மாட்டேன். எனக்கு அந்த அத்தியாயம் சற்றுப் பேச்சு மிகுந்ததாகவே படும். நாவலில் உயிரோடு துள்ளுபவர் எலியட் டெம்பிள்டன். சாகக் கிடக்கும்போதும் ஒரு விருந்துக்குத் தன்னை அழைக்கவில்லையே என்று உருகுகிறார். கதைசொல்லியாக வரும் மாம் எப்படியோ அழைப்பிதழைத் தேற்றிக் கொடுக்கிறார். கிழவர் மறுமொழி எழுதச் சொல்கிறார்: வர இயலாது, ஆண்டவரோடு ஏற்கெனவே சந்திப்பு ஒப்புக்கொண்டாயிற்று. பழைய மாம் இங்கேதான் இருக்கிறார்.

1946-இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் படமெடுத்தது. லாரியாக டைரோன் பவர், எலியட்டாக கிளிஃப்டன் வெப். ஆன் பாக்ஸ்டருக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர். சாமியார் வேடத்தில் செசில் ஹம்ஃப்ரீஸ் என்ற ஆங்கிலேயர். குடிலில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் நாவலில் பேசத் தொடங்கினார். படத்தில் வசனமே பேசினார். அப்போது அசல் ஆள் திருவண்ணாமலையில் உயிரோடு இருந்தார். ரமணர் சமாதியானது 1950 ஏப்ரல் 14.

அடுத்த முறை இந்தக் கதையைக் கையிலெடுத்தது ஒரு சிரிப்பு நடிகர். பில் முர்ரே இதை எப்படியாவது எடுத்தே தீருவது என்றிருந்தார். ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் நடித்துக் கொடுத்தார். பதிலுக்குக் கொலம்பியா நிறுவனம் இதற்குப் பணம் போட்டது. இயக்குநர் ஜான் பைரமோடு சேர்ந்து திரைக்கதையும் எழுதினார். 1984-இல் இரண்டும் வெளிவந்தன. பேய் விரட்டிய படம் வசூலை அள்ளியது, ஞானம் தேடிய படம் படுத்துவிட்டது. முர்ரே சில வருடங்கள் சினிமாவிலிருந்தே ஒதுங்கிப் பாரிஸில் படிக்கப் போய்விட்டார்.

மாமை இன்னும் யாராவது எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘தி பெயின்டட் வெயில்’ 2006-இல் மறுபடி படமானது. 2023-இல் மலேசிய எழுத்தாளர் டான் ட்வான் எங் ‘தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்’ நாவலில் அவரையே பாத்திரமாக்கிப் பினாங்கில் உலவவிட்டார். திருவண்ணாமலையில் பௌர்ணமி தோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போகும் கூட்டம் ஆசிரம வாசலைக் கடந்துதான் போகிறது. அந்தக் கூட்டத்தில் மாம் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

படுத்துவிட்ட அந்த 1984 படத்தில் ஒரு காட்சி எனக்குப் பிடிக்கும். ஆசிரமம் திருவிதாங்கூரையும் விட்டுவிட்டு இமயமலைக்கே போயிருக்கிறது. பனியில் தனியாக உட்கார்ந்திருக்கும் லாரிக்குக் குளிர் தாங்கவில்லை. கொண்டுவந்த புத்தகத்தின் தாள்களைக் கிழித்து எரித்துக் குளிர்காய்கிறான். குரு பக்கத்தில் இல்லை, உபதேசம் இல்லை. அண்ணாமலை பஞ்சபூதத் தலங்களில் அக்கினித் தலம். அதன் கதையைப் பனிமலை வரை தூக்கிக்கொண்டு போனவர்கள் அங்கே போய்த் தீ மூட்டியிருக்கிறார்கள்.