மரவள்ளியும் குளவியும்: சேலத்தில் ஒட்டுண்ணிப் பெருக்கத்தின் இரு கட்டங்கள் (2010 – 2022)

சேர்வராயன் மலையின் வேளாண் வரலாறு என்றாலே ஏற்காட்டின் காப்பித் தோட்டங்கள் முன்வந்து நிற்கின்றன. மலைக்குக் கீழே, சேலம் – ஆத்தூர் நிலப்பரப்பில் விளையும் மரவள்ளிக்கு அத்தகைய கவனம் வாய்க்கவில்லை. இரண்டாம் உலகப்போரால் ஜவ்வரிசி இறக்குமதி தடைப்பட்ட காலத்தில், 1943இல் மாணிக்கம் செட்டியார் சேலத்தில் அத்தொழிலைத் தொடங்கினார். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. எனவே இங்கு மரவள்ளியைத் தாக்கும் பூச்சி உழவரோடு நில்லாது, ஆலைகளையும் பாதிக்கிறது. அப்பூச்சியை ஒடுக்கக் குளவி வளர்க்கப்பட்ட இரு தருணங்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

முதலாவது, பப்பாளி மாவுப்பூச்சி. 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட இது பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றையும் அழித்தது. உடலை மூடிய மெழுகுப்பொடி மருந்துத் தெளிப்பிலிருந்து அதனைக் காத்தது. தெளிப்பால் மடிந்தவை பெரிதும் இயற்கை எதிரிகளே. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று குளவியினங்கள் பெங்களூருக்கு வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி வழங்கியது.

பெருக்கும் முறையில் ஒரு முரண் உண்டு. குளவி வேண்டுமாயின் முதலில் பகையை வளர்க்க வேண்டும். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை ஏற்றி, அது பெருகியதும் கூண்டில் குளவிகளை விடுவர். பெண்குளவி பூச்சியின் உடலுள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். இறுகிய கூட்டை உடைத்துப் புதிய குளவி வெளிவரும். பூச்சி குறைந்தால் குளவி பெருகாது. மிகுந்தால் கிழங்கே அழுகிக் கெடும். இறக்குமதி நாளையும் வெளியீட்டு விழாவையும் நினைவுகூரும் வரலாறு, இந்த அன்றாட உழைப்பைப் போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை என்பது என் கருத்து.

இரண்டாவது, மரவள்ளி மாவுப்பூச்சியான பீனகாக்கஸ் மானிஹோட்டி. இந்தியாவில் 2020இல் திருச்சூரில் முதன்முதலாக அறியப்பட்டு, பின் சேலம், நாமக்கல் பகுதிகளை அடைந்தது. உழவர் வழக்கில் இரண்டும் ‘மாவுப்பூச்சி’தான், ஆயினும் பழைய குளவி புதிய பூச்சியைத் தீண்டாது. பிற பூச்சிகளுக்குத் தீங்கிழைக்காத பாதுகாப்பைத் தரும் அதே ஓம்புயிர்த் தேர்வு, இங்கே வரம்பாகவும் அமைந்தது. புதிதாகத் தேட வேண்டியிருந்தது.

தேடல் நெடுந்தொலைவு செல்லவில்லை; வேறொரு கண்டம் அதனை முன்பே முடித்திருந்தது. 1970களில் ஆப்பிரிக்க மரவள்ளியை இப்பூச்சி சூறையாடியபோது, பராகுவேயில் கண்டெடுக்கப்பட்ட அனகைரஸ் லோபெசி 1981இல் நைஜீரியாவில் விடப்பட்டது. அத்திட்டத்திற்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். தாய்லாந்தும் பின்னர் இதே குளவியை நாடியது. 2021இல் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இதனைத் தருவித்தது. 2022 மார்ச் 7 அன்று, ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் இது வயலுக்கு விடப்பட்டது.

வெளியீட்டுடன் பணி முடிவதில்லை. இப்பூச்சி ஆணின்றியே இனம் பெருக்கும். நடவுக்கரணை வழியாக அடுத்த ஊருக்குப் பயணம் செய்யும். கரணையைத் தெரிந்தெடுக்காமல் நட்டால், குளவி எட்டாத வயலில் அது முந்திக்கொள்ளும். பூச்சி முற்றிலும் ஒழிந்தாலும் குளவிக்கு இரை இல்லை. ஆகவே, சிறிதளவு பூச்சியை வயலில் பொறுத்துக்கொள்ளவும், அதைக் கண்டவுடன் தெளிப்பானைத் தூக்காதிருக்கவும் உழவர் இணங்க வேண்டியிருக்கிறது.